இணையம் அறுந்த பிறகும் ஓடும் செய்தி சர்வர்: தேவனாம்பட்டினத்தில் ஒரு செய்முறைப் பதிவு

புயல் நாட்களில் ஆட்கள் வந்து தங்கும் கூடத்துக்கு வரும் ஃபைபர் இணைப்பைக் கழற்றி, போன்களில் மொபைல் டேட்டாவையும் அணைத்துச் சோதித்தாயிற்று. தொண்டர்கள் செய்தி பரிமாறும் பக்கம் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான) முகவரியில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறக்கிறது. வாசலில் பெயர் எழுதுபவர் தட்டும் செய்தி, சமையல்கட்டுப் பக்கம் நிற்பவரின் போனில் அதே நொடியில் விழுகிறது. ஒரு பழைய லேப்டாப், ஒரு வைஃபை ரூட்டர், ஒரு டொமைன் பெயர், இவ்வளவுதான் சாமான்.

கடலூர்க் கரையில் இருப்பவர்களுக்கு இதன் தேவையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோது, அங்கே 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பெருகி கடலூர் ஓரத்துக் குடியிருப்புகளில் புகுந்தது. இப்படிப்பட்ட நாட்களில் முதலில் கரண்ட் போகும். பிறகு செல்போன் டவரின் பேட்டரி இறங்கும். அதோடு எல்லாரும் நம்பியிருந்த குழுச் செய்திகளும் நின்றுவிடும். ஆனால் அந்த நேரத்தில் கூடத்துக்குள் பரிமாற வேண்டிய செய்தி எதுவும் நூறு மீட்டரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. “நாலாவது தெருவுல இருந்து ரெண்டு பேர், ஒருத்தருக்கு இன்சுலின் இருக்கு, ஐஸ் பெட்டில வைக்கணும்” என்ற செய்தி எங்கோ வெளிநாட்டு சர்வருக்குப் போய்த் திரும்பி வரத் தேவையே இல்லை.

இந்தப் பதிவின் மையம் டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது இணைப்பைப் பிறர் படிக்காமல் பூட்டும் முறைக்கு வேண்டிய அடையாளச் சான்று. செய்தி அனுப்பும் நிரல் எளிது. இணையமே இல்லாத வலையில், முன்பின் தெரியாதவர்களின் போன்களில், எதையும் நிறுவாமல் பாதுகாப்பான இணைப்பைத் தருவதுதான் உண்மையான வேலை.

எதற்காக இத்தனை பாடு

உள் வலைதானே, பாதுகாப்பு இல்லாத வெப்சாக்கெட்டே (பிரவுசரும் சர்வரும் இடைவிடாமல் பேசத் திறந்து வைக்கும் இணைப்பு) போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது. கூடத்தின் வைஃபை கடவுச்சொல் சுவரில் ஒட்டியிருக்கும். டபிள்யூபிஏ2 (வைஃபையின் பூட்டு முறை) வலையில் அந்தக் கடவுச்சொல் தெரிந்த எவரும், இன்னொரு போன் வலையில் சேரும் நொடியைப் பதிவு செய்துவிட்டால், அந்தப் போனின் தரவுப் பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிக்கலாம். நம் செய்திகளில் இருப்பது யார் கர்ப்பிணி, யார் தனியாக இருக்கும் முதியவர், யார் வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற விவரம். இதைத் திறந்த அஞ்சலட்டையில் அனுப்பக் கூடாது.

இரண்டாவது காரணம் பிரவுசர். எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்தில் அறிவிப்பு, இருப்பிடம், சர்வீஸ் ஒர்க்கர் (பக்கத்தின் பின்னணியில் ஓடும் நிரல்), தனித்துவ அடையாள எண் உருவாக்கும் வசதி எதுவும் கிடைக்காது. பக்கம் மட்டும் எச்டிடிபிஎஸ்-இல் இருந்து, வெப்சாக்கெட் பாதுகாப்பில்லாமல் இருந்தாலும் பிரவுசர் அந்த இணைப்பைத் திறக்கவே விடாது.

சாமான்களும் செலவும்

திரை உடைந்த, ஆனால் பேட்டரி இன்னும் தாங்கும் லேப்டாப் ஒன்று போதும். ராஸ்பெர்ரி பை (கையளவுக் கணினி) வாங்கத் தோன்றும். இந்த வேலைக்கு லேப்டாப்பே மேல். பேட்டரியே யூபிஎஸ் ஆகிவிடுகிறது, கேபிள் போர்ட் இருக்கிறது, மதர்போர்டில் கடிகாரமும் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை 4-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், இணையம் இல்லாத நிலையில், அதற்கு இன்றைய தேதி தெரியாது. லேப்டாப்பிலும் காசு போன்ற சிஆர்2032 செல் பழசாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த வகை செல் ஐம்பது ரூபாய்க்குள் முடியும். சில மாடல்களில் அந்த செல் வயரோடு வரும், அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ரூட்டர் சுமார் 2,000 ரூபாய். அதற்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் சுமார் 1,500. இருபது மீட்டர் கேட்6 கேபிளும் பின்களும் சுமார் 600. டொமைன் பெயர் ஆண்டுக்குச் சில நூறு. முதல் ஆண்டு விலையைப் பார்த்து ஏமாறாமல், புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். சான்றிதழுக்குச் செலவில்லை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதால் உப்புக் காற்று கேபிள் பின்களைப் பச்சை பிடிக்க வைக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ரூட்டரை வைத்தால் சூடாகும். எனவே டப்பாவின் அடிப்பக்கம் மட்டும் துளையிட்டு, சுவரில் ஆளுயரத்துக்கு மேல் மாட்டுவது நல்லது. தண்ணீர் புகுந்தாலும் அந்த உயரம் காப்பாற்றும்.

லேப்டாப்பில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்). மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அதன் லாகின்டி அமைப்பில் மூடி சுவிட்சை ‘இக்னோர்’ என்று வைக்க வேண்டும். பேட்டரி முற்றிலும் இறங்கி அணைந்தால், கரண்ட் வந்ததும் தானாக எழும் வசதி பல லேப்டாப்புகளில் இல்லை. பவர் பட்டன் எது என்று ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

வலை

ஃபைபர் பெட்டியிலிருந்து ரூட்டரின் வான் (வெளிப்பக்க) போர்ட்டுக்கு ஒரு கேபிள். ரூட்டரின் லான் (உள்பக்க) போர்ட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள். ரூட்டரின் முகவரி 192.168.50.1, லேப்டாப் நிலையாக 192.168.50.2. வழக்கமான 192.168.1 வரிசையைத் தவிர்க்கக் காரணம், ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் அதையே வைத்திருக்கும். இரண்டும் மோதினால் வழி தெரியாமல் நிற்கும். ரூட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையைப் பயன்படுத்தாதீர்கள், அது லான் பக்கத்தை மறைத்துவிடும்.

ரூட்டரில் டிஎச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, லேப்டாப்பில் டிஎன்எஸ்மாஸ்க் (முகவரி கொடுக்கவும் பெயர் தேடவும் உதவும் நிரல்) நிறுவி அதையே முகவரி கொடுக்க வைத்தோம். 192.168.50.50 முதல் 249 வரை, 2 மணி நேரக் குத்தகை. கூடத்துக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள் என்பதால் நீண்ட குத்தகை வேண்டாம். வெளியே போகும் வழியான கேட்வே 192.168.50.1, பெயர் தேடும் சர்வர் 192.168.50.2. நம் டொமைனுக்கு உட்பட்ட ஒரு துணைப்பெயரைக் கேட்டால் 192.168.50.2 என்று டிஎன்எஸ்மாஸ்க் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ‘அட்ரஸ்’ வரி ஒன்று போதும் என்று பல இடங்களில் எழுதியிருக்கும்.

அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் ஒரு விசித்திரம் நடக்கும். இணையம் இருக்கும்போது பக்கம் சட்டென்று திறக்கும். ஃபைபரைக் கழற்றியதும் அதே பக்கம் திறக்கப் பல விநாடி எடுக்கும், சில போன்களில் திறக்கவே திறக்காது. காரணம்: போன் பழைய வகை ஐபிவி4 முகவரியோடு புதிய வகை ஐபிவி6 முகவரியையும் கேட்கிறது. டிஎன்எஸ்மாஸ்க் 2.86 முதல், ‘அட்ரஸ்’ வரியில் ஐபிவி4 மட்டும் இருந்தால் ஐபிவி6 கேள்வியை வெளியே அனுப்பிவிடுகிறது. வெளியே யாரும் இல்லை. போன் பதிலுக்காகக் காத்துக்கிடக்கிறது. அதே பெயருக்கு ‘லோக்கல்’ வரி ஒன்றையும் சேர்த்தால், ஐபிவி6 இல்லை என்று உடனே பதில் போய்விடும். சின்ன விஷயம்தான், ஆனால் இணையத்தோடு மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. கேபிளைக் கழற்றிச் சோதிப்பதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

இன்னொரு வரி ‘பைண்ட் டைனமிக்’. மின்சாரம் வந்து போகும்போது ரூட்டர் மெதுவாக எழும். அதற்கு முன் டிஎன்எஸ்மாஸ்க் கிளம்பினால் முகவரி இல்லை என்று விழுந்துவிடும். இந்த வரி இருந்தால் வலை எழுந்ததும் தானே பிடித்துக்கொள்ளும்.

பொது டிஎன்எஸ்-இலேயே (பெயரை முகவரியாக மாற்றும் இணையப் பட்டியல்) 192.168.50.2 என்று பதிந்துவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் எதற்கு என்ற குறுக்குவழி உண்டு. இணையம் இருக்கும்வரைதான் அது ஓடும். அதோடு, வெளியிலிருந்து வரும் பதிலில் உள்வலை முகவரி இருந்தால் சில ரூட்டர்கள் தாக்குதல் என்று நினைத்து அதைத் தூக்கி எறிந்துவிடும்.

சான்றிதழ்

நாமே கையெழுத்திட்ட சான்றிதழை வைப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் மிரட்டும். ‘மேம்பட்டவை, தொடர்க’ என்று அழுத்தி உள்ளே போய்விடலாம். வெப்சாக்கெட் வேறொரு போர்ட்டில் இருந்தால் அந்த எச்சரிக்கைப் பக்கம்கூட வராது. சில பிரவுசர்களில் இணைப்பு மௌனமாக அறுந்து, மூடல் எண் 1006 மட்டும் கிடைக்கும். அந்த எண் கம்பியில் வருவதே இல்லை. ‘முறையாக மூடப்படவில்லை’ என்று பிரவுசர் தானே போட்டுக்கொள்வது. அதிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த வழி, நாமே ஒரு மூலச் சான்றை (மற்ற சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் சான்று) உருவாக்கி எல்லார் போனிலும் நிறுவுவது. ஐபோனில் ப்ரொஃபைலை நிறுவிய பிறகு, சான்று நம்பிக்கை அமைப்புக்குள் தனியாகப் போய் இன்னொரு சுவிட்சையும் போட வேண்டும். வாசலில் நனைந்து நிற்பவர்களிடம் இதைச் செய்ய முடியாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், அந்த மூலச் சாவி கையில் உள்ளவர் அந்தப் போனில் எந்த வங்கியின் பக்கமாகவும் வேஷம் போடலாம். புயல் முடிந்த பிறகும் அது போனிலேயே கிடக்கும். அடுத்தவர் போனில் அப்படி ஒன்றை விதைக்க நமக்கு உரிமையில்லை.

மீதி இருப்பது, எல்லாப் போனும் ஏற்கெனவே நம்பும் நிறுவனத்திடமிருந்து உண்மையான சான்றிதழ். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது, ஆயுள் 90 நாள். வழக்கமாக அது 80ஆம் போர்ட்டில் நம் சர்வரை வந்து பார்த்து உறுதி செய்யும். வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் அது நடக்காது: சேவை தருபவர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பார். ரூட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அந்த நிலைதான். போர்ட்டைத் திறந்துவிட்டுப் பயனில்லை.

டிஎன்எஸ் வழி உறுதிமொழி இதைச் சுற்றிப் போகிறது. சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் நிரல் ஒரு குறியீட்டைத் தரும். அதை நம் டொமைனின் பொது டிஎன்எஸ்-இல் டெக்ஸ்ட் பதிவாகப் போட்டால், லெட்ஸ் என்க்ரிப்ட் அதைப் படித்துச் சான்றிதழ் தந்துவிடும். சர்வருக்கு வெளியிலிருந்து யாரும் வரத் தேவையில்லை, எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். டிஎன்எஸ் சேவை ஏபிஐ டோக்கன் (நிரல் தானே பதிவைத் திருத்த உதவும் அனுமதிச் சாவி) தருவதாக இருக்க வேண்டும், அப்போதுதான் புதுப்பித்தல் தானாக நடக்கும். டோக்கனுக்கு அந்த ஒரு டொமைனைத் திருத்தும் உரிமை மட்டும் போதும். டோக்கன் கோப்பின் அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம். பதிவு எல்லா டிஎன்எஸ் சர்வருக்கும் பரவச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் காத்திருப்பை 60 விநாடியாக வைத்தோம்.

முதல் ஓட்டத்தைச் சோதனைச் சூழலில் நடத்துங்கள். நிஜச் சூழலில் ஒரே பெயருக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்தான். உறுதிமொழி ஒரு மணி நேரத்தில் 5 முறை தவறினால் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று: தரப்படும் ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் பொதுப் பதிவேட்டில் ஏறும். துணைப்பெயரில் தெருப் பெயரோ ஆள் பெயரோ வைக்க வேண்டாம்.

தேதிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அக்டோபர் 1 அன்று வாங்கிய சான்றிதழ் டிசம்பர் 30-இல் முடிகிறது, தானே கரையைக் கடந்த அதே தேதி. சர்ட்பாட் சாதாரணமாக 30 நாள் மிச்சமிருக்கும்போதே புதுப்பிக்கும், ஆகவே ஒரு வாரம் இணையம் இல்லாவிட்டாலும் ஆபத்தில்லை. ஆபத்து, டோக்கன் காலாவதியாகி, புதுப்பித்தல் பல வாரமாகத் தவறிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனோடு நினைவூட்டும் மின்னஞ்சலை நிறுத்திவிட்டது. எனவே சான்றிதழ் முடியும் நாளைப் பார்க்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் ‘செக்எண்ட்’ கட்டளையைத் தினமும் ஓட்டி, 25 நாளுக்குக் கீழே போனால் அரட்டைப் பக்கத்தின் தலையிலேயே சிவப்பு வரி வரும்படி வைத்திருக்கிறோம்.

பழைய போன்களில் ஒரு சிக்கல் மிச்சம். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களின் சான்றுப் பட்டியலில் லெட்ஸ் என்க்ரிப்டின் மூலச் சான்று கிடையாது, பழைய குரோம் எச்சரிக்கும். பயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால் அதில் திறக்கும்.

என்ஜின்எக்ஸ்

நம் செய்தி நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ்-ஐயே டிஎல்எஸ் பேச வைக்கலாம். ஆனால் சாவிக் கோப்பை ரூட் (நிர்வாகிக் கணக்கு) மட்டுமே படிக்க முடியும். நோட் ஓடுவது சாதாரணப் பயனராக. நடுவே என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் சாவி அதனிடம் மட்டும் இருக்கும். சான்றிதழ் புதுப்பித்ததும் சர்ட்பாட் ‘ரீலோட்’ சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் வெப்சாக்கெட்டுகள் பழைய ஒர்க்கரிடமே (இணைப்புகளைக் கவனிக்கும் என்ஜின்எக்ஸ் ஓட்டம்) தொடரும், புதியவை புதிய சான்றிதழோடு வரும், ஒருவர் பேச்சும் அறுபடாது. 443-இல் டிஎல்எஸ் 1.2, 1.3 மட்டும். நோட் 127.0.0.1-இல் 8080 போர்ட்டில், வெளியே தெரியாமல்.

வெப்சாக்கெட் தொடங்குவது ஒரு சாதாரண எச்டிடிபி கோரிக்கையாகத்தான். அதில் ‘அப்கிரேடு’, ‘கனெக்‌ஷன்’ என இரண்டு தலைப்புகள் இருக்கும். சர்வர் 101 என்று பதில் சொன்னதும் அதே கம்பி வெப்சாக்கெட் ஆகிவிடும். இந்த இரண்டு தலைப்பும் அடுத்த முனை வரைக்கும்தான் செல்லுபடி. நடுவில் நிற்கும் என்ஜின்எக்ஸ் அவற்றைத் தானாகக் கடத்தாது. நாம் எழுதிச் சேர்க்க வேண்டும். அதோடு, டெபியன் 12-இல் வரும் என்ஜின்எக்ஸ் பின்னால் இருக்கும் சர்வரிடம் எச்டிடிபி 1.0-இல்தான் பேசும், 1.1 என்று சொல்ல வேண்டும். 426 என்ற பதில் வந்தால் அப்கிரேடு தலைப்பு நோட் வரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். 502 வந்தால் நோட் ஓடவில்லை.

யாரும் பேசாமல் இருந்தால் சரியாக 60 விநாடியில் இணைப்பு அறுகிறதா? என்ஜின்எக்ஸின் காத்திருப்பு வரம்பான ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு அது. 120 ஆக்கினோம், உண்மையான மருந்து கீழே வரும் பிங் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சிறு செய்தி).

ஒர்க்கருக்கு 768 இணைப்பு என்பது டெபியனின் இயல்பு. ஒவ்வொரு வெப்சாக்கெட்டும் போன் பக்கம் ஒன்று, நோட் பக்கம் ஒன்று என இரண்டைப் பிடிக்கும், ஆக 384. ஒரு கூடத்துக்கு இது தாராளம்.

நிரல்

நோட் ஜேஎஸ் 22-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம், 22.13 முதல் எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) தனிக் கட்டளைக் கொடி இல்லாமல் உள்ளேயே வருகிறது. வெளியிலிருந்து வேண்டியது ‘டபிள்யூஎஸ்’ என்ற ஒரே வெப்சாக்கெட் நூலகம். அது சுத்த ஜாவாஸ்கிரிப்ட். இணையம் இல்லாத இடத்தில் எதையும் கம்பைல் செய்ய நேராது. நிரலும் நூலகமும் சேர்ந்து ஒரு பென்டிரைவில் அடங்கும்.

அந்த நூலகத்தில் முதலில் மாற்ற வேண்டியது ஒரு செய்தியின் உச்ச அளவு. இயல்பாக அது 100 எம்பி. யாரோ ஒருவர் தெரியாமல் வீடியோவை ஒட்டினாலும் நினைவகம் போய்விடும். 4,096 பைட் என்று வைத்தோம். இங்கேதான் தமிழ்க் கணக்கு வருகிறது. ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளைத் தனிக் குறியீடாக எண்ணுவதால் ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏழு என்கிறது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆக 21. வெப்சாக்கெட் சட்டகத்தில் சர்வரிலிருந்து போகும்போது 2 பைட் தலை சேர்ந்து 23. போனிலிருந்து வரும்போது 4 பைட் முகமூடிச் சாவியும் சேர்ந்து 27. டிஎல்எஸ் 1.3 உறை இன்னும் 22. எப்படிப் பார்த்தாலும் 50 பைட்டைத் தாண்டவில்லை. பலவீனமான வைஃபையிலும் இது நழுவிப் போய்விடும்.

4,096 பைட் என்றால் தமிழில் சுமார் 1,300 குறியீடு. வரம்பு மீறினால் நூலகம் அந்தச் செய்தியை மட்டும் மறுக்காது, 1009 என்ற எண்ணோடு இணைப்பையே மூடிவிடும். அதனால் போன் பக்கத்திலேயே பைட் கணக்கில் எண்ணி, அனுப்பு பொத்தானை மங்கலாக்க வேண்டும். எழுத்துக் கணக்கில் எண்ணினால் ஆங்கிலத்தில் சரியாக இருக்கும், தமிழில் அறுபடும். நீளமான செய்தியைப் பைட் கணக்கில் நறுக்குவதும் கூடாது. ஒரு எழுத்தின் நடுவில் வெட்டினால் யுடிஎஃப்-8 கெட்டு, எதிர்முனை 1007 என்று மூடிவிடும்.

சேமிக்கும் முன் ஒவ்வொரு செய்தியையும் யுனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே மாதிரி வைக்கும் முறை) மாற்றுங்கள். ‘கொ’-வில் ககரத்தோடு வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கீபோர்டுக்கு கீபோர்டு இது மாறுவதால், மாற்றாமல் விட்டால் ‘கொசுவலை’ என்று தேடும்போது பாதிச் செய்தி காணாமல் போகும்.

உள்நுழைவுக்கு ஒவ்வொரு தொண்டருக்கும் ஒரு கியூஆர் அட்டை அடித்தோம். அட்டையில் உள்ள முகவரியில் ரகசியக் குறியீடு ‘#’ குறிக்குப் பின்னால் இருக்கும்; அந்தப் பகுதியைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது, எனவே என்ஜின்எக்ஸ் பதிவேட்டில் ஏறாது. பக்கம் அதை எடுத்துத் தனிக் கோரிக்கையாக அனுப்பி, ஒரு குக்கியை (பிரவுசர் வைத்துக்கொள்ளும் அடையாளத் துணுக்கு) வாங்கிக்கொள்ளும். பிரவுசரின் வெப்சாக்கெட்டில் நாம் விரும்பிய தலைப்பைச் சேர்க்க வழியில்லை. டோக்கனை முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வைப்பது பலர் செய்யும் வேலை, அது அப்படியே பதிவேட்டில் உட்காரும். குக்கியோடு நிறுத்தாமல், கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ‘ஆரிஜின்’ தலைப்பையும் சரிபார்க்க வேண்டும். வெப்சாக்கெட்டுக்குப் பிரவுசரின் அதே தளக் கட்டுப்பாடு பொருந்தாது. வேறொரு தளத்தின் பக்கமும் நம் சர்வருக்கு இணைப்புத் திறக்க முயலலாம்.

பிங் 25 விநாடிக்கு ஒன்று. போன் வைஃபை எல்லையைத் தாண்டிவிட்டால் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. லினக்ஸ் அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைத்து, அனுப்பிய செய்தியைக் கால் மணி நேரம் வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். பக்கத்தில் ‘12 பேர் இணைப்பில்’ என்று காட்டும்; உண்மையில் ஏழு பேர்தான் இருப்பார்கள். முந்தைய பிங்குக்குப் பாங் (பதில்) வராத இணைப்பை அடுத்த சுற்றில் வெட்டிவிட வேண்டும். நிதானமாக மூடச் சொல்லாதீர்கள், எதிரில் பதில் சொல்ல ஆளில்லை, ‘டெர்மினேட்’தான். அதேபோல் அனுப்புவதற்கு முன் தேங்கியிருக்கும் பைட்டைப் பார்த்து, 64 கேபியைத் தாண்டினால் அந்த இணைப்பையும் வெட்டுங்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் எஸ்கியூலைட்டில் வரிசை எண். போன் மீண்டும் சேரும்போது தான் கடைசியாகப் பார்த்த எண்ணைச் சொல்லும், அதற்குப் பின் உள்ளதை சர்வர் கொடுக்கும். வரிசையை நேரத்தை வைத்து அமைக்காதீர்கள். கடிகாரம் ஒரு முறை பின்னால் போனால் செய்திகள் தலைகீழாகும். போனும் தன் பங்குக்கு ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனித்துவ அடையாளம் போட்டு அனுப்பும். பதில் வராமல் மறுபடி அனுப்பினாலும் இரட்டையாகப் பதியாது. ‘இன்சுலின் ஒன்று’ இரண்டாகப் பதிந்தால் தேவையில்லாத ஓட்டம். எஸ்கியூலைட் கோப்பு ‘வால்’ (டபிள்யூஏஎல், மாற்றத்தை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையில்; ஒவ்வொரு பதிவும் டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும்படி ‘சிங்க்ரனஸ்’ அமைப்பு ‘ஃபுல்’. நிமிடத்துக்குச் சில செய்திதான், வேகம் முக்கியமில்லை. மின்சாரம் எந்த நொடியில் போனாலும் பதிந்தது பதிந்ததாக இருக்க வேண்டும்.

போன் பக்கம்

சர்வர் அனுப்பும் பிங், பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரியாது. பிரவுசரே பாங் சொல்லி முடித்துவிடும். சர்வர் செத்ததை போன் உணர, 20 விநாடிக்கு ஒரு சாதாரணச் செய்தியாக நாமே துடிப்பு அனுப்பிப் பதில் எதிர்பார்க்க வேண்டும். அறுந்தால் 1, 2, 4, 8 விநாடி என இடைவெளியைக் கூட்டி, 30-இல் நிறுத்தி மீண்டும் முயலலாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயல் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் ரூட்டர் எழுந்த நொடியில் எல்லாப் போனும் ஒன்றாக இடிக்கும். திரை அணைந்தால் ஆண்ட்ராய்டு பக்கத்தை உறைய வைக்கும். திரை திரும்பியதும் இடைவெளி பார்க்காமல் உடனே சேர வேண்டும். செய்தியைத் திரையில் போடும்போது ‘டெக்ஸ்ட் கன்டென்ட்’ வழியே போடுங்கள். யாரோ தட்டிய குறிகள் நிரலாக ஓடக் கூடாது.

இணையம் இல்லாத வைஃபையை ஆண்ட்ராய்டு நம்பாது. ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை, இணைந்தே இருக்கவா?’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்தாவிட்டால் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், நம் பெயர் அங்கே கிடைக்காது. போனின் சோதனை முகவரிகளை டிஎன்எஸ்மாஸ்க்கில் மடக்கி ஏமாற்றும் வழிகள் உண்டு; மற்ற ஆப்களும் இணையம் இருப்பதாக நம்பித் தடுமாறும் என்பதால் அதைத் தொடவில்லை. கியூஆர் அட்டைக்கு மேல் பெரிய எழுத்தில் ஒரு வரி: “மொபைல் டேட்டாவை அணையுங்கள். கேட்டால் ‘ஆம்’ அழுத்துங்கள்.” ப்ரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் குறிப்பிட்ட பெயர் ஒன்றைக் கொடுத்து வைத்திருப்பவர்களுக்குப் பக்கம் திறக்காது, அதை ‘தானியங்கி’க்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

சோதனை

நோட் 22-இல் வெப்சாக்கெட் கிளையன்டும் உள்ளேயே இருப்பதால், இன்னொரு லேப்டாப்பிலிருந்து 200 இணைப்பு திறக்கும் சிறு நிரல் பத்து வரியில் முடிந்தது. அது சர்வருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஆனால் ஒரு லேப்டாப்பின் 200 இணைப்பு வேறு, உண்மையான 40 போன் வேறு. விலை குறைந்த ரூட்டரில் போன்கள் கூடக்கூட முதலில் திணறுவது வைஃபை, நிரல் அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி 1, 6, 11-இல் கூட்டம் குறைந்ததைப் போட்ட பிறகு நிலை சீரானது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம்: ஃபைபர், ரூட்டரின் மின்சாரம், லேப்டாப்பின் சார்ஜர், நோட் ஓட்டம். நோடைக் கொன்றால் லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி 2 விநாடியில் எழுப்புகிறது, போன்கள் தாமாகச் சேர்ந்து, இடையில் விட்டுப்போன செய்திகளை வாங்கிக்கொள்கின்றன. ரூட்டரை அணைத்துப் போட்டால் போன்கள் திரும்பி வர நேரமாகிறது. அந்தத் தாமதம் பெரும்பாலும் ரூட்டர் எழும் நேரம்தான். மினி யூபிஎஸ்ஸுக்குச் செலவழித்தது அதற்காக.

அடுத்த முறை மாற்றுவது

டிஎன்எஸ் டோக்கனை இந்த லேப்டாப்பில் வைத்திருப்பது உறுத்துகிறது. கூடத்தில் யார் கையிலும் சிக்கக்கூடிய இயந்திரம் இது. உறுதிமொழிப் பெயரை மட்டும் ஒரு மாற்றுப்பெயர்ப் பதிவால் வேறொரு சிறிய டொமைனுக்குத் திருப்பிவிட்டு, அந்த டொமைனின் டோக்கனை மட்டும் இங்கே வைக்கலாம். டோக்கன் களவு போனாலும் முதன்மை டொமைனின் மற்ற பதிவுகளில் கை வைக்க முடியாது.

வைஃபையை டபிள்யூபிஏ3-க்கு மாற்றினால் சுவரில் ஒட்டிய கடவுச்சொல்லால் பிறர் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது. பழைய போன்கள் சேராமல் போகும் என்பதால் இரண்டும் கலந்த முறை. கூடத்தின் பின்கட்டுக்கு இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட், அதுவும் கேபிளில். ரிப்பீட்டர் வைத்தால் இருக்கும் காற்றலையையே பாதியாகப் பங்குபோடும்.

பதிவுப் படிவத்தில் ஆதார் எண்ணுக்கு இடமே வைக்கவில்லை, அது அப்படியே தொடரும். கூடம் மூடிய 15ஆம் நாள் பெயர்களை அழிக்கும் வேலையை இப்போது கையால் செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த பதிப்பில் அது தானாக நடக்கும், அழித்த பிறகு எஸ்கியூலைட்டில் கோப்பைப் புதிதாக எழுதிச் சுருக்கும் ‘வேக்கம்’ ஓட்டி, வால் கோப்பையும் செக்பாயின்ட் மூலம் காலியாக்கும். இல்லாவிட்டால் அழித்த வரிகள் கோப்புக்குள்ளேயே கிடக்கும்.